என் காரை எடுக்க எனக்கே 23 நிமிடம்

சாவி திரும்பவில்லை.

உட்கார்ந்திருப்பது என் கார். கையில் இருப்பது அதன் சாவி. சாவி துளைக்குள் ஒழுங்காகப் போகிறது, போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. திருப்பினால்தான் அசைய மாட்டேன் என்கிறது. சரி, ஸ்டீயரிங்கையாவது ஆட்டிப் பார்ப்போம் என்றால் அதுவும் கருங்கல். ஸ்டீயரிங் லாக் விழுந்துவிட்டது, இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் இந்நேரம் "ஆமாம், அன்றைக்கு எனக்கும் இப்படித்தான்" என்று ஆரம்பித்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், முதலில் நான் முடித்துக்கொள்கிறேன்.

வண்டியை விட்டுவிட்டுப் போனது மொத்தம் பதினோரு நிமிடம். கீழ்த்தளப் பார்க்கிங்கில் ஒரு பக்கம் தூண், மறுபக்கம் சுவர். பாம்பு மாதிரி நெளித்து நெளித்து உள்ளே நுழைத்ததில் முன் சக்கரம் ஓரக்கல்லில் முட்டிக்கொண்டு கோணலாக நின்றது. நின்றதே பெரிய விஷயம் என்று எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினேன். இறங்கும்போதுதான் அந்தப் பாவத்தைச் செய்தேன். கதவுக்கும் தூணுக்கும் நடுவே பூனை போகிற அளவு இடம். எனக்கோ வயிறு கொஞ்சம் முன்னால் போகும். பிடித்து எழ ஏதாவது வேண்டுமே என்று ஸ்டீயரிங்கைப் பிடித்து எழுந்தேன். 'க்ளக்' என்று ஒரு சத்தம். அப்போது அதை மதிக்கவில்லை. இப்போது தூக்கத்திலும் கேட்கிறது.

திரும்பி வந்தேன். முதல் நிமிடம், சாவியைப் போட்டுத் திருப்பினேன். இல்லை. இரண்டாம் நிமிடம், சாவியை எடுத்து ஊதினேன். ஏன் ஊதினேன் என்று கேட்காதீர்கள், நம் தலைமுறைக்கு எது ஓடாவிட்டாலும் ஊதத்தான் தெரியும். சட்டையில் துடைத்துப் போட்டேன். தலைகீழாகப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, சாதாரணமாக இப்போதுதான் வந்து உட்கார்ந்த ஆள் மாதிரிப் போட்டுத் திருப்பினேன். அந்தப் பூட்டு ஏமாறவில்லை. நான்காம் நிமிடம் இது வேறு யாருடைய காரோ என்ற சந்தேகம் வந்து, வெளியே போய் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். என்னுடையதுதான். மனசு இன்னும் கனத்தது.

ஐந்தாம் நிமிடம் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. என் இடம் காலியாகப் போகிறது என்று அவருக்கு நம்பிக்கை. செல்லமாக ஒரு ஹாரன். கையை ஆட்டினேன். அதை 'இதோ எடுக்கிறேன்' என்று அவர் புரிந்துகொண்டார் போல, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றார். இப்போது வண்டி கிளம்பினாலும் எடுக்க முடியாது. பலே.

அப்புறம் ஆலோசகர்கள் வந்தார்கள். ஒரு வண்டி கிளம்பவில்லை என்றால் பத்து வினாடியில் நான்கு நிபுணர்கள் எங்கிருந்துதான் முளைப்பார்களோ. "வேற சாவி ஏதும் போட்டுட்டீங்களா சார்?" என்றார் காவலாளி. "பேட்டரி போயிருக்கும்" என்றார் போனில் பேசிக்கொண்டே போன ஒருவர், போனைக் காதிலிருந்து எடுக்காமலே. பேட்டரி போனால் சாவி திரும்பும், வண்டிதான் கிளம்பாது என்று அவருக்கு விளக்குவதற்குள் அவர் அடுத்த தளத்துக்குப் போய்விட்டார். "துவாரத்துல கொஞ்சம் எண்ணெய் விடுங்க தம்பி" என்றார் ஒரு பெரியவர். வீட்டுக் கதவுக்கு எண்ணெய் விட்ட அனுபவமாம், நாற்பது வருடமாகக் கைகண்ட மருந்தாம். நான்காமவர் ஒன்றும் சொல்லவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். அவர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

எனக்குத் தெரியாதது இல்லை, ஸ்டீயரிங் லாக் விழுந்திருக்கிறது. சாவியை உருவியதும் பூட்டுக்குள் இருக்கும் ஒரு இரும்பு நாக்கைச் சுருள்வில் வெளியே தள்ளும். ஸ்டீயரிங் தண்டைச் சுற்றிப் பள்ளம் பள்ளமாக வெட்டியிருப்பார்கள். நேரே எதிரில் பள்ளம் இல்லாவிட்டால் அந்த நாக்கு தண்டின்மேல் சாய்ந்துகொண்டு கொக்கு மாதிரி காத்திருக்கும். யாராவது ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை அசைத்தால் போதும், பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். அதுதான் அந்த 'க்ளக்'. அதோடு போனால் பரவாயில்லை. ஓரக்கல்லில் முட்டி முறுக்கிக்கொண்டு நிற்கிற டயர் ரப்பர் சும்மா இருக்குமா? பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த முறுக்கு அப்படியே மேலே ஏறி, பள்ளத்தின் சுவரை நாக்கின்மேல் வைத்து அழுத்தும். இரண்டு யானை நடுவே சிக்கிய கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. அதை உள்ளே இழுக்கச் சாவியால் முடியாது. விரலால் முடிகிற காரியமும் இல்லை. பலம் போட்டால் உள்ளே போகப்போவது நாக்கு இல்லை, உடையப்போவது சாவி.

சரி, விஷயம் தெரிந்த ஆளுக்கு மருந்தும் தெரியும். ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பிக்கொண்டே சாவியைத் திருப்ப வேண்டும். எல்லோரும் சொல்கிற வைத்தியம். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதைத்தான் எவரும் சொல்வதில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"ஸ்டீயரிங்க ஆட்டிக்கிட்டே சாவியத் திருப்புங்க சார்."

"எந்தப் பக்கம் ஆட்டணும்?"

"எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கமும் வரலையே."

"வரும் சார்."

இதற்குப் பேசாமல் ஜோசியரிடமே போன் போட்டிருக்கலாம். அவராவது திசை சொல்லியிருப்பார்.

பின்னால் இருந்தவர் இப்போது செல்லத்தை விட்டுவிட்டார். ஹாரன் நீளமாக வந்தது. வலது கையால் சாவி, இடது கையால் ஸ்டீயரிங். எஞ்சின் ஓடாததால் பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. ஒரு பக்கம் இழுத்தால் துளிகூட அசைவில்லை. மறுபக்கம் இழுத்தால் ஏதோ கொடுக்கிற மாதிரி இருக்கிறது, கையை விட்டால் பழையபடி வந்துவிடுகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அசையாத பக்கத்தில்தான் பூட்டு இருக்கிறது, அதைத்தான் உடைக்க வேண்டும் என்று முடிவுகட்டி, அந்தப் பக்கமே முழுப் பலத்தையும் போட்டேன். பெரியவர் வேறு "ஐலசா" சொல்லாத குறையாகப் பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்தினார். ஏழு நிமிடம். தோள்பட்டை இன்றைக்கும் வலிக்கிறது.

அந்த ஏழு நிமிடத்தில் ஓடியது ஒரே நினைப்புதான். இது யாருக்காக வைத்த பூட்டு?

திருடனுக்காகவாம். சரித்திரத்தில் அப்படித்தான் சொல்கிறது, நான் மறுக்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில் பழையது புதியது என்று பார்க்காமல் எல்லாக் கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கினார்கள், திருட்டு குறைந்தது. பிரிட்டனில் 1970-களில் புதிய கார்களுக்கு மட்டும் வந்தது. திருடர்கள் யோசித்துப் பார்த்தார்கள், பழைய கார்கள் பக்கம் நகர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் அதுவரை டாஷ்போர்டில் இருந்த சாவித் துளையை, 1969 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்டீயரிங் தண்டின் பக்கமாகக் கொண்டுவந்து பூட்டோடு சேர்த்தது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'நேமான்' என்றே பெயர் சொல்வார்கள், செய்த கம்பெனியின் பெயர் அப்படியே பொருளின் பெயராகிவிட்டது. எங்கள் பார்க்கிங்கில் அன்றைக்கு நான் இதற்கு வைத்த பெயர்களை எழுத முடியாது.

ஆனால் ஒன்று யோசியுங்கள். திருடனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் எதையும் உடைக்கலாம். மூடியைப் பிய்த்துப் போடுவான், பூட்டு உருளையைப் பிடுங்கி எறிவான், ஸ்டீயரிங்கை மொத்தப் பலத்தோடு ஒரு வெட்டு வெட்டுவான். நாக்கு முறிந்தால் அவனுக்கு நல்லது. பைக் திருடர்களுக்கு இதுவும் தேவையில்லை, ஹேண்டிலில் காலை வைத்து ஒரு உதை. எனக்கு மட்டும்தான் மென்மையாக, மரியாதையாக, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரிக் கையாள வேண்டிய கட்டாயம், ஏனென்றால் உடைந்தால் மாற்றுகிற செலவு எனக்கு. சாவி உள்ளே முறிந்தால் முறிந்த துண்டை எடுக்க ஆள், புதுச் சாவிக்குள் சிப், அந்தச் சிப்பைக் காருக்கு அறிமுகம் செய்துவைக்க இன்னொரு ஆள். ஆகப் பூட்டு சோதிப்பது திருடனின் பலத்தை அல்ல, சொந்தக்காரனின் பொறுமையை.

2022 வாக்கில் அமெரிக்காவில் பையன்கள் ஒரு விளையாட்டே கண்டுபிடித்தார்கள். இம்மொபிலைசர், அதாவது சாவியின் சிப்பைச் சரிபார்க்கிற கருவி, இல்லாத சில கார்களில் ஸ்டீயரிங் தண்டின் மூடியைக் கழற்றி, பூட்டு உருளையைப் பிடுங்கிவிட்டு, போன் சார்ஜ் போடுகிற யூஎஸ்பி ஒயரின் முனையைச் செருகித் திருப்பினார்கள். கார் கிளம்பிப் போயே போய்விட்டது. யூஎஸ்பி ஒயர்! என் பையிலும் ஒன்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், பதினாறாம் நிமிடம் அதை வெளியே எடுத்து ஒரு தரம் பார்த்தேன்.

திருட்டை உண்மையில் நிறுத்துகிற வேலையை இப்போது அந்த இம்மொபிலைசர்தான் பார்க்கிறது. சாவியில் இருக்கிற சிப்பை அடையாளம் தெரிந்தால்தான் எஞ்சின் ஓடும். ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்து புதிய கார்களுக்குக் கட்டாயம். சத்தமே போடாது, ஓரக்கல்லில் முட்டிய டயருக்கும் அதற்கும் பகை கிடையாது. அது வந்த பிறகும் இந்த இரும்பு நாக்கைப் பல கார்களில் விட்டுவைத்திருக்கிறார்கள், ஓய்வுபெற்ற பிறகும் தினமும் அலுவலகம் வந்து எல்லோரையும் அதட்டுகிற ஆள் மாதிரி.

"பட்டன் ஸ்டார்ட் வாங்கியிருக்கலாமே" என்று யாரோ சொல்லப்போகிறீர்கள், தெரியும். அதிலும் பல கார்களில் இந்த நாக்கு உண்டு, சின்ன மோட்டார் வைத்துத் தள்ளும், இழுக்கும். சிக்கிக்கொண்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே பட்டனை அழுத்தச் சொல்லித் திரையில் பணிவாக ஒரு வரி வரும். அங்கேயும் எந்தப் பக்கம் என்று சொல்லாது. பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் நாக்கை இழுக்க மின்சாரம் இல்லை. என் மச்சான் காரை அப்படித்தான் ஒருமுறை, திரும்பாத சக்கரங்களுக்கு அடியில் உருளைப் பலகை கொடுத்து, பிணம் மாதிரித் தள்ளி இழுவை வண்டியில் ஏற்றினார்கள். அன்றைக்கு நான் சிரித்தேன். அவன் சாபம்தான் இது.

சரி, என் கதைக்கு வருகிறேன். இருபத்திரண்டாம் நிமிடம். கை ஓய்ந்துவிட்டது, பலம் இல்லை, கோபமும் இல்லை. ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்க்கலாம் என்று சாய்ந்தேன். சாய்ந்த பக்கம் அந்த 'ஏதோ கொடுக்கிற' பக்கம். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கொஞ்சம் கொடுக்கிற பக்கம்தானே டயரின் முறுக்குக்கு எதிர்ப்பக்கம்! அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தால்தானே பள்ளத்தின் சுவர் நாக்கை விட்டு விலகும்! ஏழு நிமிடம் நான் நாக்கை இன்னும் நன்றாக நசுக்கிக்கொண்டிருந்தேன், பெரியவரின் ஆசியோடு. சாய்ந்த பக்கமே ஸ்டீயரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாவியை ஒற்றை விரலால், சும்மா, தொட்ட மாதிரித் திருப்பினேன்.

ளொடக்.

வெண்ணெயில் கத்தி மாதிரிப் போயிற்று. அந்த மென்மைதான் தாங்க முடியவில்லை. கொஞ்சமாவது முரண்டு பிடித்திருந்தால் ஜெயித்த திருப்தியாவது இருந்திருக்கும்.

உடனே எல்லோரும் வெற்றியில் பங்கு கேட்டார்கள். "நான் சொன்னேன்ல" என்றார் காவலாளி, என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை. பெரியவர், எண்ணெய் விட்டிருந்தால் முன்னாடியே திறந்திருக்கும் என்றார். இடுப்பில் கை வைத்தவர் கையை எடுத்துவிட்டு நடந்தார். பின்னால் இருந்தவர் பின்வாங்கி வழி விட்டார். நான் கடந்து போகும்போது கண்ணாடியை இறக்கி, "இதுக்கா சார் இவ்வளவு நேரம்?" என்றார்.

பதில் சொல்லவில்லை. வெளியேறும் வளைவில் நின்று கண்ணாடியில் பார்த்தேன். அவர் காரை அதே தூணுக்கும் அதே சுவருக்கும் நடுவே நெளித்து நெளித்து நுழைத்தார். முன் சக்கரம் அதே ஓரக்கல்லில் முட்டிக் கோணலாக நின்றது. கதவைத் திறந்தார், இடம் போதவில்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்து எழுந்தார். அந்தத் தூரத்தில் கேட்டிருக்க முடியாதுதான், ஆனாலும் எனக்குக் கேட்டது. போய்ச் சொல்லியிருக்கலாம். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அந்தக் கட்டடத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான். வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் தலைவலி. மாத்திரை டப்பாவை எடுத்தேன். குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்று மூடியில் ஒரு பாதுகாப்பாம், 'அழுத்திக்கொண்டே திருப்பவும்' என்று எழுதியிருக்கிறது. அழுத்தினேன், திருப்பினேன். டக் டக் டக் என்று சும்மா சுற்றுகிறது. இன்னும் அழுத்தினேன். டக் டக் டக். இந்த மூடியைச் செய்தவன் யாரென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.