விருதுகளை விட்டு வகுப்பறையையும் எழுதியிருக்கலாம்

கவிக்கோ அப்துல் ரகுமான் பற்றிய கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் 'ஆலாபனை' கவிதைத் தொகுப்புக்குக் கிடைத்த 1999 சாகித்திய அகாதெமி விருதுக்கும் வக்ஃபு வாரியத் தலைவர் பதவிக்கும் இரண்டு பத்தி, வாணியம்பாடிக்கு ஒரே வரி என்பது சரியில்லை. மனிதர் அங்கே இஸ்லாமியாக் கல்லூரியில் கிட்டத்தட்ட முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். சென்னையில் உட்கார்ந்து கவிதை வளர்த்தவர் இல்லை. தோல் பதனிடும் ஷாப்புகள் நிறைந்த அந்த ஊரில் கவியரங்கம் நடத்தி, புதுக்கவிதை எழுத ஒரு தலைமுறையையே இழுத்துவந்தார்.

இன்னொன்று, அவர் வாத்தியார் என்பது கவிதையிலேயே தெரியும். புதுக்கவிதையில் குறியீடு, அதாவது ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்துவது, பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். அதற்கு முன்பே, 1974இல் வந்த 'பால்வீதி' கவிதைத் தொகுப்பில் குறியீடும் படிமமும் (சொல்லால் மனதில் எழுப்பும் காட்சி) என்ன செய்யும் என்று எழுதியே காட்டிவிட்டார். (அந்தக் காலத்தில் அது புரியவில்லை என்று சண்டை போட்டவர்களும் உண்டு. எனக்கும் முதல் தடவை பாதிதான் புரிந்தது.)

அப்புறம் கஜல், உருதுவில் ஈரடிகளாக எழுதும் கவிதை வடிவம். அப்பாவும் தாத்தாவும் உருதுக் கவிஞர்கள், பிறந்தது மதுரை. உருதுவும் தமிழும் சேர்ந்ததுதான் அவருடைய தமிழ் கஜல் தொகுப்பான 'மின்மினிகளால் ஒரு கடிதம்'. கஜலில் ஒவ்வோர் ஈரடியும் தனியாக நிற்கும், அடுத்ததோடு கதைத் தொடர்ச்சி வேண்டியதில்லை. குறள் படித்துப் பழகிய நமக்கு அது அந்நியமாகவே படவில்லை. கட்டுரையில் இந்தப் புத்தகத்தின் பெயர்கூட இல்லையே?