குராசோ உரிமம் இருக்கிறது என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

ஒருவர் ஓர் இணையச் சூதாட்டத் தளத்துக்கு விளம்பரம் செய்யும் அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெயரைச் சொல்லி அவருக்கு இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் "இது குராசோ அரசிடம் உரிமம் பெற்ற தளம், பயப்படாமல் விளையாடலாம்" என்று அவர் சொன்னதை எங்கள் குடும்பக் குழுவிலேயே ஒருவர் பகிர்ந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அந்த உரிமம் பணம் கட்டி விளையாடுகிறவனைக் காப்பதற்கு வந்ததல்ல. குராசோ, வெனிசுவேலாக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஒரு தீவு. நெதர்லாந்து முடியரசின் அங்கம். அங்கே 1993-ல் இயற்றப்பட்ட சட்டம், வெளிநாட்டுச் சந்தைக்கு நடத்தப்படும் சூதாட்டத்துக்கு அனுமதி தருவதற்கென்றே எழுதப்பட்டது. அதன்கீழ் விரல்விட்டு எண்ணக்கூடிய சில தனியார் நிறுவனங்கள் முதன்மை உரிமம் பெற்றன. வாடகை வீட்டை உள்வாடகைக்கு விடுவதைப்போல, அவை உலகெங்கும் உள்ள தளங்களுக்குத் துணை உரிமம் கொடுத்துக் கட்டணம் வாங்கின. தளத்தைக் கண்காணிக்க வேண்டியவரும் அதே தளத்திடம் பணம் வாங்குகிறவரும் ஒருவரே. இதைத்தான் காணொளியில் அவர் "அரசு உரிமம்" என்கிறார். ஒரே முடியரசுக்குள் இருக்கும் நெதர்லாந்திலேயே இந்த உரிமம் செல்லாது. 2021 அக்டோபர் முதல் அங்கே இணையச் சூதாட்டம் நடத்த அந்த நாட்டு ஆணையத்தின் அனுமதி தனியாக வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் செல்லாத தாள் அவிநாசியில் எப்படிச் செல்லும்?

நான் இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. என் அத்தை மகன் ஒரு பந்தயச் செயலியில் இரண்டு லட்சத்துக்கு மேல் இழந்தான். ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் யூபிஐ-யில் வேறு வேறு பெயர் வந்தது. ஒரு நாள் ஒரு தையல் கடை, மறுநாள் ஒரு செல்போன் கடை, அதற்கடுத்து யாரோ ஒரு பெண்ணின் பெயர். பணம் போவதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. ஒருமுறை அவன் ஜெயித்துப் பணத்தைத் திருப்பி எடுக்கப் போனபோதுதான் ஆதார் படம் தெளிவாக இல்லை, கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு முகம் தெரிய இன்னொரு படம் அனுப்பு என்று இழுத்தடித்து, கடைசியில் கணக்கையே முடக்கினார்கள். பக்கத்தின் அடியில் இருந்த உரிம முத்திரையைத் தொட்டால் பச்சை எழுத்தில் "செல்லுபடியாகும்" என்று வந்தது. அதிலிருந்த முகவரிக்கு அவனுக்காக நான்தான் மின்னஞ்சல் எழுதினேன். தளத்தோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. எந்தத் தளம் பதில் சொல்லவில்லை என்று புகார் கொடுத்தோமோ, அதே தளத்தோடு!

"குராசோவில் 2024-ல் புதிய சட்டம் வந்துவிட்டதே, நீங்கள் பழங்கதை பேசுகிறீர்கள்" என்று சிலர் வருவார்கள். வந்தது உண்மை. அந்த ஆண்டு டிசம்பர் 17 அன்று அந்தத் தீவின் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 24 அன்று நடைமுறைக்கு வந்தது. துணை உரிம முறை ஒழிந்தது. குராசோ சூதாட்ட ஆணையமே நேரடியாக உரிமம் தருகிறது. விளையாடுகிறவரின் தகராறுக்கு நிறுவனத்துக்கு வெளியே ஒரு நடுவர் வேண்டும் என்கிறது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் பழைய முறையிலே எந்தக் குறையும் இல்லை என்றால் அதை எதற்காகக் கலைத்தார்கள்? பெருந்தொற்றுக் காலத்தில் குராசோ கடன் கேட்டு நின்றபோது நெதர்லாந்து விதித்த நிபந்தனைகளில் இந்தச் சீர்திருத்தமும் ஒன்று. சரி, நடுவர் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். தையல் கடைக் கணக்குக்குப் பணம் அனுப்பியவன் எந்த ரசீதை அவர் முன்னால் வைப்பான்? 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டையும் அதன் விளம்பரத்தையும் தடை செய்து சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. அதற்கு மேலே ஒரு கரீபியத் தீவின் உரிமம் வந்து நிற்காது.

சின்னத் தீவு, அவர்களும் பிழைக்க வேண்டாமா என்கிறார்கள். பிழைக்கட்டும். அந்தத் தீவு மக்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

என்னை உறுத்துவது இன்னொன்று. "பேராசைக்காரன் இழந்தான், அதற்கு நாடு ஏன் அழ வேண்டும்" என்று படித்தவர்கள், நான் மதிக்கிறவர்கள், எழுதுகிறார்கள். என் அத்தை மகன் முதல் முறை கட்டியது ஐந்நூறு ரூபாய். உரிமம் பெற்றது, பாதுகாப்பானது என்று ஒருவர் சிரித்த முகத்தோடு சொன்னதை நம்பித்தான் கட்டினான். நம்பியவன் பேராசைக்காரன் என்றால், நம்பச் சொல்லிக் காசு வாங்கியவருக்கு என்ன பெயர்? அவரைப் பற்றி உங்களில் ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லையே, ஏன்?

விளம்பரம் செய்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. அந்த முத்திரையைக் காட்டி ஒரு பையனைப் பணம் கட்ட வைத்தால், கணக்கு முடங்கும் நாளில் அவன் உங்களைத் தொடர்புகொள்ள உங்கள் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். என் அத்தை மகனுக்கு இன்றுவரை அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் மாதாமாதம் அத்தைதான் கட்டிக்கொண்டிருக்கிறார்.