கேட்டிருந்தால் காட்டியிருப்போம்

"யாரும் கவனிக்காத தோட்டம்" என்று எழுதி, நேற்றுப் பழைய பங்களாத் தோட்டத்தைத் துப்புரவாக்கிய சிரமதானப் படங்களைப் போட்டிருந்தார்கள், எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன். மூன்றாவது படத்தில் குவிந்து கிடக்கிறது பற்றை இல்லை. அது எங்கள் ரோசா.

தை மாதத்திலிருந்து நாங்கள் நாலு பேர் சனிக்கிழமைகளில் அங்கே போய் வந்தோம். கொடியும் நாணலும் மூடிக் கிடந்த இடத்தில் 31 கன்றுகளைக் கண்டுபிடித்தோம். கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கியதும் அங்குள்ள கிணறு உவர்த்துவிட்டது. ரோசாவுக்கு உவர் ஆகாது. வீட்டிலிருந்து கேன் கேனாகக் குழாய்த் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினோம். எதை வைத்திருப்பது, எதைக் கழிப்பது என்று சிவப்புச் சீலைத் துண்டு கட்டி அடையாளமும் வைத்திருந்தோம். அந்தச் சீலைத் துண்டுகள் படத்திலே தெரிகின்றன. வெட்டியவர்களுக்கு மட்டும் தெரியவில்லையா?

"வெட்டினால் துளிர்க்கும்தானே" என்று படங்களுக்குக் கீழே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். துளிர்க்கும் தம்பி, ஆனால் எது துளிர்க்கும்? அவற்றில் பெரும்பாலானவை ஒட்டுக் கன்றுகள். அடி வேர் காட்டு ரோசா, மேலே ஒட்டியதுதான் நாம் பார்க்கிற பூ. ஒட்டு இருந்தது நிலத்திலிருந்து நாலு விரல் உயரத்தில். புல் வெட்டும் மெஷின் ஓடியது அதற்கும் கீழே. இனி அந்த வேரிலிருந்து காட்டு ரோசாதான் வரும். இதைத் தெரியாதது குற்றமில்லை, எனக்கும் போன வருஷம் தெரியாது. கேட்காததுதான் குற்றம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"வெள்ளைக்காரன் வைத்த பூவுக்கு இவ்வளவு அழுகையா?" இதை எழுதியவருக்கும் பதில் சொல்கிறேன். வருஷம் முழுக்கப் பூக்கிற குணத்தை ஐரோப்பிய ரோசாக்களுக்குக் கொடுத்தது சீனத்து ரோசா. 1867இல் பிரான்சில் வந்த 'லா பிரான்ஸ்' என்ற ரோசா முதற்கொண்டு இன்று கடையில் வாங்குகிற ரோசா வரைக்கும் அந்த ரத்தம் ஓடுகிறது. சரி, அதையும் விடுங்கள். அங்கே தண்ணீர் ஊற்றியது யார்? என் அம்மம்மாவின் அப்பா. அவர் கொண்டுவந்த ஒரு தடிதான் எங்கள் கல்லடி வீட்டு வாசலில் இளஞ்சிவப்பாகப் பூத்தது. 1978 சூறாவளியில் கூரை போனது, ரோசா திரும்பத் தளிர்த்தது. 2004இல் கடல் வந்தபிறகு அது தளிர்க்கவில்லை. அம்மம்மா ஒரு வருஷம் அந்தக் காய்ந்த அடியைப் பிடுங்க விடவில்லை. அதன் தாய்க் கன்று தோட்டத்தின் கிழக்கு மூலையில் இன்னும் நிற்கிறது என்று சித்திரையில் பூத்த அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நேற்று அதுவும் போனது.

"நாட்டில் ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது பூவா?" என்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

நாங்கள் பாராட்டுக்குப் போகவில்லை. ஆனால் எட்டு மாதம் அங்கே நின்ற நாலு பேரை "யாரும் கவனிக்காத தோட்டம்" என்ற ஒரே வரியில் இல்லாமல் ஆக்கியது நோகிறது. கவனித்தோம். முள் கீறிய கை இன்னும் ஆறவில்லை.

குவியலை இன்னும் எரிக்கவில்லை என்றால் தயவுசெய்து எரிக்காதீர்கள். பச்சை காயாத தடி கிடைத்தால் வெட்டி நட்டுப் பார்க்கலாம். கிழக்கு மூலையில் வெட்டியது எந்தப் பக்கம் கிடக்கிறது என்று யாராவது சொல்லுங்கள். ஈரச் சாக்கோடு இப்போதே வருகிறேன், எத்தனை மணி என்றாலும் பரவாயில்லை.