எபிமார்ஃபிசமும் மேற்கோர்த்தலும் ஒன்றல்ல

நம் கணித விக்கியின் இந்தப் பேச்சுப் பக்கத்தில் குன்னூர் தம்பி மேலே, "எபிமார்ஃபிசம் என்றாலே மேற்கோர்த்தல் சார்புதான், நம் இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கி ரீடைரக்ட் போட்டுவிடலாம்" என்கிறார். போடாதீங்க. மேற்கோர்த்தல் என்றால் இலக்கின் ஒவ்வொரு உறுப்பையும் சார்பு தொடும். எபிமார்ஃபிசம் (சுருக்கமாக எபி) என்றால், அதற்குப் பின் வரும் இரண்டு சார்புகள் அதோடு சேர்ந்து ஒரே விடை தந்தால், அந்த இரண்டும் ஒன்றேதான். கணங்களில் அது சரி. குலங்களிலும் (நேர்மாறோடு ஒரே ஒரு செயல் உள்ள அமைப்புகள்) சரிதான், ஆனால் அங்கே நிரூபணம் லேசில்லை. வளையங்களில் (கூட்டலும் பெருக்கலும் உள்ள அமைப்புகள்) உடைந்துவிடும்.

முழுக்களை விகிதமுறு எண்களுக்குள் அப்படியே வைக்கும் சார்பைப் பாருங்க. 1/2-ஐ எந்த முழுவும் தொடாது, அதனால் மேற்கோர்த்தல் இல்லை. ஆனால் விகிதமுறு எண்களிலிருந்து வேறொரு வளையத்துக்குப் போகும் இரண்டு ஹோமோமார்ஃபிசங்கள் (கூட்டலையும் பெருக்கலையும் காக்கும் சார்புகள்) முழுக்களில் ஒத்துப்போனால், 2-இன் பிம்பம் இரண்டிலும் ஒன்றே. ஒரு வளையத்தில் அதற்குப் பெருக்கல் நேர்மாறு ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது. ஆக 1/2-இன் பிம்பமும் ஒன்றே. எல்லாப் பின்னங்களுக்கும் இதே கதைதான், அதனால் இது எபி. மோனோவும்கூட, அதாவது இரண்டு முழுக்களை ஒரே இடத்துக்கு அனுப்பாது! "மோனோ, எபி இரண்டும் என்றால் ஐசோ" (ஐசோ என்றால் திரும்பி வரும் நேர்மாறு உள்ளது) என்று யாரோ சேர்த்த வரியும் இதோடு போச்சு.

ரீடைரக்ட்டில் பெரிய ஆபத்து, பிழைச்செய்தி எதுவும் வராது. ஹவுஸ்டார்ஃப் வெளிகள் (எந்த இரண்டு புள்ளிகளையும் தனித்தனிச் சூழலில் பிரிக்க முடிகிற இடவெளிகள்) பக்கத்தில் எபி என்றால் பிம்பம் அடர்த்தியாக இருந்தால் போதும், எல்லாப் புள்ளியையும் தொட வேண்டியதில்லை. அங்கிருந்து வரும் இணைப்பு சத்தமில்லாமல் பொய்யாகிவிடும். 2008-இல் தொடங்கிய என்-லேப் என்ற கணித விக்கி இரண்டையும் தனித்தனிப் பக்கமாகத்தான் வைத்திருக்கிறது.

மேலே எபிக்குச் சொன்ன வலப்பக்க நீக்கல் விதியை வரையறையாக முதலில் வையுங்க. வளையங்களில் மேற்கோர்த்தலோடு பொருந்துவது ரெகுலர் எபி என்ற கடுமையான வகை, அந்த இணைப்பைக் கொடுங்க. நம் பக்கத்தில் கோத்தகிரி டீச்சர் போட்ட நிரூபணம் அப்படியே இருக்கட்டும், தலைப்பில் 'குலங்களில்' என்று சேர்த்தால் போதும்.