டாக்கா: ஊர்ப்பெயரால் வந்த பணம் அல்ல

வங்கதேசப் பணத்துக்குத் தலைநகரின் பெயரையே வைத்துவிட்டார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஊரையும் பணத்தையும் தமிழில் 'டாக்கா' என்றே எழுதுவதால் வந்த குழப்பம் இது. வங்கமொழியில் இரண்டுக்கும் முதலெழுத்தே வேறு. ஊர்ப்பெயர் மூச்சு சேர்ந்து கனமாக ஒலிக்கும். பணத்தின் பெயரில் நம் 'பட்டம்' என்பதில் வரும் வல்லின ஒலி. செய்தி எழுதுகிறவர்கள் ஊரை 'டாக்கா நகரம்' என்று எழுதினாலே போதும்.

பணத்தின் பெயர் 'டங்க' என்ற சமஸ்கிருதச் சொல்லின் வழிவந்தது. அது எடையையும் குறித்தது, முத்திரை அடித்த காசையும் குறித்தது. காசு அடிக்கும் இடம் டங்கசாலை. சென்னையில் தெருப்பெயராக நிற்கும் தங்கசாலை அதுதான்!

கையில் 100 ரூபாய் நோட்டு இருந்தால் திருப்பிப் பாருங்கள். மொழிப்பட்டியில் 15 வரிகள். முதல் வரி அசாமி, இரண்டாவது வங்கமொழி. இரண்டிலும் 'ரூபாய்' கிடையாது. 'டொகா', 'டாக்கா' என்றுதான் இருக்கும். பத்தாவது வரியான ஒடியாவில் மூக்கொலி கெடாமல் 'டங்கா' என்றே இருக்கிறது. கொல்கத்தா மீன்கடையில் இந்திய ரூபாயையும் டாக்கா என்றுதான் சொல்வார்கள்.

டெல்லி சுல்தான் இல்துத்மிஷ் 13ஆம் நூற்றாண்டில் அடித்த வெள்ளி டங்கா சுமார் 11 கிராம். அந்த வெள்ளிக்குத்தான் மதிப்பு. முகமது பின் துக்ளக் 1330 வாக்கில் செம்பு, பித்தளைக் காசுகளை அதற்குச் சமம் என்று அறிவித்தார். கள்ளக்காசைத் தடுக்க வழி செய்யவில்லை. வீட்டுக்கு வீடு காசு அடித்தார்கள், வணிகர்கள் வாங்க மறுத்தார்கள், கடைசியில் கருவூலத்திலிருந்து நல்ல காசு கொடுத்து அவற்றைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. 1540களில் ஷேர் ஷா அடித்த ரூபியா ஏறக்குறைய 11.5 கிராம். எடை பெரிதாக மாறவில்லை, பெயர் மாறியது. வங்காளத்து மக்கள் பழைய பெயரை விடவில்லை.

'வங்கதேச ரூபாய்' என்று எழுதுவதை என்னால் ஏற்கவே முடியாது. அந்த மக்கள் தங்கள் மொழிக்காகப் போராட வேண்டியிருந்தது, டாக்கா அந்த மொழியின் சொல். இன்றைய வங்கதேசம் அப்போது கிழக்கு வங்கம் என்ற பெயரில் பாகிஸ்தானின் பகுதியாக இருந்தது. 1948 பிப்ரவரியில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் கிழக்கு வங்க உறுப்பினர் தீரேந்திரநாத் தத்தா, மணியார்டர் படிவம்கூட உருதுவில் இருந்தால் கிழக்கு வங்க விவசாயி தன் மகனுக்கு எப்படிப் பணம் அனுப்புவான் என்று கேட்டார். வங்கமொழிக்கு இடம் கேட்ட அவரது திருத்தம் தோற்றது. 1971இல் பாகிஸ்தான் ராணுவம் அவரைக் கொன்றது. 1972 மார்ச் 4 அன்று வங்கதேசம் தன் முதல் நோட்டுகளை வெளியிட்டபோது, அந்த மக்கள் பேச்சில் விடாமல் வைத்திருந்த டாக்கா ஒரு நாட்டின் பணத்துக்குப் பெயரானது.