பெயர்கள் போதும், காட்சியைக் காட்டுங்கள்

ஓர் இயக்குநரைத் தொலைக்காட்சியில் உட்காரவைத்து, "உங்களைப் பாதித்த இயக்குநர்கள் யார்?" என்று கேட்டால் ஐந்து பெயர்கள் வரும். குரோசாவா, சத்யஜித் ராய், தர்க்கோவ்ஸ்கி, ஸ்கார்செசி, மரியாதைக்கு ஒரு தமிழ் மூத்தவர். நெறியாளர் தலையாட்டுவார். அடுத்த கேள்வி கதாநாயகியைப் பற்றியதாக இருக்கும். அண்மையில் பார்த்த ஒரு நேர்காணலிலும் இதுதான் நடந்தது. குரோசாவாவின் பெயரைச் சொல்லிவிட்டு அந்த இயக்குநர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். விடவில்லை.

இயக்குநரைக் குறை சொல்ல மாட்டேன். பட்டியலைக் கேட்டார்கள், பட்டியலைக் கொடுத்தார். "அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டீர்கள், எதை வேண்டாம் என்று விட்டீர்கள்?" என்ற இரண்டாவது கேள்வியில்தான் சினிமாப் பேச்சே தொடங்குகிறது. அந்தக் கேள்வி நம் நேர்காணல்களில் பெரும்பாலும் வருவதே இல்லை.

பாலு மகேந்திராவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பருவத்தில், இலங்கையில் ஆங்கிலேய இயக்குநர் டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படமெடுப்பதை நேரில் பார்த்ததைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். லீன் 'மழை' என்று குரல் கொடுத்தாராம், மழை கொட்டியதாம். அங்கேயே, தானும் இயக்குநராக வேண்டும் என்ற ஆசை பிறந்துவிட்டது. கேட்கச் சுவையான கதைதான். ஆனால், மழையை ஆணையிட்டு வரவழைத்த பிரம்மாண்டத்தில் மயங்கிய அந்தச் சிறுவன், பிற்காலத்தில் ஜன்னல் வழியே இயல்பாக விழும் வெளிச்சத்தை நம்பிப் படமெடுப்பவராக அல்லவா அறியப்பட்டார்? லீன் எங்கே, இவருடைய 'வீடு' படம் எங்கே? ஆசையைத் தந்தவர் ஒருவர், வழியைத் தந்தவர்கள் வேறு சிலர். பெயரை மட்டும் குறித்துக்கொள்பவருக்கு இது பிடிபடாது.

ராயின் கதையும் அப்படித்தான். 1950இல் விளம்பர நிறுவன வேலையாக லண்டன் போனவர், அங்கே தங்கிய மாதங்களில் படங்களாகப் பார்த்துத் தள்ளினார். அவரை உலுக்கியது இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்'. நட்சத்திரங்கள் வேண்டாம், படப்பிடிப்பு அரங்கம் வேண்டாம், தெருவிலேயே எடுக்கலாம் என்ற துணிச்சலை அதிலிருந்து பெற்றார். ஆனால் 1955இல் வந்த 'பதேர் பாஞ்சாலி'யில் டி சிகா காட்டிய நகரமும் இல்லை, அந்தப் பரபரப்பும் இல்லை. டி சிகாவின் கதை சில நாட்களுக்குள் நடந்து முடிவது. ராயோ ஒரு கிராமத்துக் குடும்பத்தின் பல ஆண்டுகளை எடுத்தார். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவாளராக அவர் பிடித்தது, அதுவரை ஒரு படம்கூட ஒளிப்பதிவு செய்திராத இளைஞர் சுப்ரத மித்ராவை! பிரெஞ்சு இயக்குநர் ரென்வார் வங்காளத்தில் வந்து படமெடுத்தபோது ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக் கற்றவர் அவர். தாக்கம் இப்படியும் வந்து சேரும்.

நம் இயக்குநர்கள் பெயர்களோடு நிறுத்திக்கொள்வதற்கு அச்சமும் ஒரு காரணம். ஒரு காட்சியைக் குறிப்பிட்டு "இங்கிருந்து கற்றேன்" என்றால் மறுநாளே 'திருடிவிட்டார்' என்று இரண்டு படங்களையும் ஒட்டிப் பரப்பிவிடுகிறோம். திருட்டு உண்டு, மறுக்கவில்லை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'யோஜிம்போ'வை உரிமை வாங்காமல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி 1964இல் மேற்கத்தியப் படமாக, அதாவது கௌபாய் படமாக எடுத்து, பிறகு இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. (அந்தக் குரோசாவாவோ ஹாலிவுட்டில் மேற்கத்தியப் படங்களெடுத்த ஜான் ஃபோர்டின் பெரும் ரசிகர்!) அதற்காகக் கற்றுக்கொண்டதையும் திருட்டுக் கணக்கில் எழுதினால் யார் வாய் திறப்பார்கள்? தன் முதல் முழுநீளப் படமான 'சிட்டிசன் கேன்' எடுப்பதற்கு முன் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்'சைச் சுமார் 40 முறை பார்த்ததாக ஆர்சன் வெல்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். பாலைவனத்தில் ஓடும் குதிரைவண்டிக்கும் 'சிட்டிசன் கேன்' பத்திரிகை முதலாளிக்கும் கதையில் ஒரு தொடர்பும் கிடையாது. அறைக்குள் கூரை தெரியும்படி கேமராவைத் தாழ வைப்பதைக் கவனித்தால்தான் உறவு புலப்படும்.

இன்னொன்று, பாதிப்பு என்றாலே வேறொரு படம்தான் என்று நெறியாளர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்தது. என்ன படித்தீர்கள் என்று ஓர் இயக்குநரிடம் கேட்டுத்தான் பாருங்களேன்.

கேட்பவருக்கு உழைப்பு வேண்டும். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் ட்ருஃபோ, த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன ஹிட்ச்காக்கின் எதிரில் உட்கார்ந்து ஒரு வாரம் போலப் படம் படமாகக் கேட்டார். கேட்டவரே இயக்குநர் என்பதால் ஹிட்ச்காக்கும் தொழில் பேசினார். எல்லோரும் அப்படி வாய்ப்பதில்லை என்பதும் உண்மை. ஃபோர்டிடம் அமெரிக்க இயக்குநர் பீட்டர் போக்டானோவிச் ஒரு பெரிய காட்சியை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டபோது, "கேமராவை வைத்து" என்று பதில் வந்தது. அந்தக் கிழவரிடம் யாரும் எதுவும் செய்ய முடியாது.

எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். ட்ருஃபோ அந்த உரையாடலைப் புத்தகமாக்கியபோது காட்சிகளை அசையாப் படங்களாகத்தான் அச்சிட முடிந்தது. தொலைக்காட்சிக்கு அந்தத் தடை இல்லை. ஸ்கார்செசி 1995இல் அமெரிக்கப் படங்களைப் பற்றித் தொலைக்காட்சிக்காக ஓர் ஆவணப்படம் செய்தார். படத்துண்டை ஓடவிட்டு, தான் அதில் என்ன கண்டேன் என்று பக்கத்திலேயே சொன்னார். அதே வசதி கையில் இருக்கும்போது, நம் நிகழ்ச்சிகளில் இயக்குநர் பேசப்பேச அவருடைய பழைய பாடல் காட்சி ஓடுகிறது. குரோசாவா என்று சொன்னவுடன் குரோசாவாவின் ஒரு காட்சியை, உரிமை பெற்று, ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தொடர்ந்து இந்த இயக்குநரின் காட்சியையும் ஓட்டுங்கள். பிறகு அவரை முழுதாகப் பேச விடுங்கள். கதாநாயகியைப் பற்றி அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம்.