காலாவதித் திகதி கேட்டால் ஏன் கோபம் வருகிறது?

காணொளி தொகுத்து, பிட்கொயின் என்ற மெய்நிகர் நாணயத்தில் ஊதியம் பெறும் ஹட்டன் தம்பி ஒருவரின் பணம் போன விடயத்தை முன்பு எழுதி, முகவரிக்குக் காலாவதித் திகதி கேட்டிருந்தேன். தொலைபேசியும், அதோடு பணத்தை மீண்டும் திறக்க உதவும் மீட்புச் சொற்களும் போன பிறகு, அவர் புதிய வொலட் (அந்த நாணயத்தைக் கையாளும் செயலி) தொடங்கி, பணம் பெறும் புதிய முகவரியை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அறிவித்தார். அங்கிருந்த கணக்காளரோ ஓராண்டுக்கு மேலாகச் சேமித்து வைத்திருந்த பழைய முகவரிக்கே ஊதியத்தை அனுப்பிவிட்டார். அந்த பிட்கொயினை இனி எவராலும் எடுக்க முடியாது. நமது மத்திய வங்கி மெய்நிகர் நாணயத்தைச் சட்டபூர்வ பணமாக ஏற்காததால், முறையிடவும் இடமில்லை. அந்தப் பதிவுக்குச் சிரிப்புக் குறி போட்ட பெரியவர்களுக்காகவே மீண்டும் எழுதுகிறேன்: பணம் பெறும் முகவரிக்குக் காலாவதித் திகதி வேண்டும்.

கந்தப்பளையில் எங்கள் அப்பா லீக்ஸ் விற்ற காலத்தில், வியாபாரி கொடுத்த காசோலையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு மறந்துபோனார். வங்கியில் கொடுத்தபோது, அங்கிருந்த பெண் திகதியைப் பேனா முனையால் தொட்டுக் காட்டி, ஆறு மாதம் கடந்துவிட்டது ஐயா என்று திருப்பித் தந்தார். அப்பா முணுமுணுத்துக்கொண்டே போய் வேறு காசோலை எழுதி வாங்கி வந்தார். அலைச்சல்தான், ஆனால் ஒரு ரூபாயும் தொலையவில்லை. ஹட்டன் தம்பிக்கு அந்த அலைச்சல்கூடக் கிடைக்கவில்லை.

“பிளொக்செயினுக்கு முகவரியே தெரியாது, அது எப்படித் திகதி பார்க்கும்?” என்று, பரிவர்த்தனைகளைத் தொகுதி தொகுதியாகப் பதியும் அந்தப் பொதுப் பதிவேட்டைச் சொல்லி ஒருவர் பாடம் நடத்தியிருந்தார். வலையமைப்பு பார்ப்பது முகவரிக்குள் இருக்கும் பூட்டு நிபந்தனையை (பணத்தை யார் எடுக்கலாம் என்ற விதியை) மட்டுமே என்பதும், நேற்றுச் செல்லுபடியான பரிவர்த்தனை இன்று செல்லாது என்று அந்தப் பதிவேட்டுச் சங்கிலியிலேயே விதி வைத்தால், கடைசித் தொகுதிகள் நீங்கி வேறு தொகுதிகள் அமையும்போது குழப்பம் வரும் என்பதும் எனக்கும் தெரியும். நான் கேட்பது அனுப்புகிறவரின் வொலட் திகதியைப் பார்த்து மறுக்க வேண்டும் என்பதே. ஓர் எழுத்தைப் பிழையாகத் தட்டினால், முகவரிக்குள் இருக்கும் சரிபார்ப்புக் குறியைக் கொண்டு அதே வொலட் இன்றும் மறுக்கிறதே! பெக்32 என்ற முகவரி எழுதும் வடிவத்தில் ஓர் எழுத்து 5 பிட் தகவலைச் சுமக்கிறது. மூன்று எழுத்தைக் கூட்டினால், ஏறத்தாழ 90 ஆண்டுகளின் எந்த நாளையும் குறித்துவிடலாம். பிட்கொயினை விரைவாக அனுப்பும் லைட்னிங் வலையமைப்பில், பணம் கேட்டு அனுப்பும் சீட்டில் காலம் குறிக்காவிட்டால் 3600 விநாடிகளில் அது காலாவதியாகிறது. அதனால் எவருடைய சுதந்திரமும் பறிபோனதாக நான் கேள்விப்படவில்லை. பிட்கொயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ 2008இல் வெளியிட்ட அறிக்கையும், தனியுரிமைக்காகத்தான் என்றாலும், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய சாவிச் சோடியை, அதாவது புதிய முகவரியை, பயன்படுத்தச் சொல்கிறது. பழைய முகவரியே வருடக்கணக்கில் ஓட வேண்டும் என்பது யார் வகுத்த வேதம்?

நன்கொடைக்காக அச்சிட்ட முகவரி என்னாவது என்கிறீர்களா? நீண்ட திகதி போடுங்கள், அவ்வளவுதான்.

“மீட்புச் சொற்களை எழுதி வைக்காதது அவன் தவறு” என்பதே மிகுதியானோரின் தீர்ப்பு. இருக்கட்டும். ஆனால், முகவரி மாறியதை முறையாக அறிவித்தவர் கவனமற்றவர், அறிவிப்பைப் படிக்காமல் அனுப்பியவர் குற்றமற்றவர் என்ற கணக்கு எனக்கு விளங்கவில்லை. திகதி இருந்திருந்தால் அந்தக் கணக்காளரின் திரையில் “இந்த முகவரி காலாவதியாகிவிட்டது” என்ற ஒற்றை வரி தோன்றியிருக்கும். அவரும் மின்னஞ்சலைத் தேடியிருப்பார்.

“தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்று எழுதியவருக்கும் ஒரு வார்த்தை. லயத்து அறையில் இரவெல்லாம் விழித்திருந்து காணொளி தொகுத்து உழைத்த பணம் அது. சூதாடிய காசு இல்லை. கொழும்பில் ஒருவருக்கு இது நடந்திருந்தால் தொழில்நுட்பக் குறைபாடு என்பீர்கள், மலையகத்தில் நடந்தால் மட்டும் அறியாமை என்பீர்கள். பழைய முகவரிக்கு அனுப்பிய அந்த வாடிக்கையாளர் எந்த ஊர்க்காரர் என்பதையாவது கேட்டீர்களா?

வொலட் செய்கிறவர்கள் எவரேனும் இதைப் படித்தால், ஆறு மாதத்தை இயல்பான காலமாக வைத்து, பெறுகிறவர் மாற்றிக்கொள்ள இடம் கொடுங்கள். நுட்பத்தில் நான் பிழைவிட்டிருந்தால் கீழே எழுதுங்கள், எவ்வளவு நேரமானாலும் பதில் தருவேன். தோட்டத்துப் பிள்ளை என்று மீண்டும் தொடங்குகிறவரின் கருத்தை மட்டும் வாசிக்காமலே நீக்கிவிடுவேன்.